டிரைவர் பக்கத்துக் கதவு

'பாம்! பாம்!' என்று கார் கொட்டகையிலிருந்து ஹார்ன் அலறியது.

கூடத்தில் ஒப்பாரி சட்டென்று நின்றது. நாகையாவின் தலைமாட்டில் சுருண்டு கிடந்த இராஜம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்று வாசலை நோக்கி இரண்டடி வைத்தவள், புருஷனின் தலைமாட்டு விளக்கைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் அந்த ஹார்ன் சத்தம் கேட்டுத்தான் அவள் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள்.

மகள் தங்கமணி கொட்டகைக்கு ஓடினாள். தாய்மாமன் தம்புசாமி காருக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றார்.

"கை பட்டுடிச்சு லா," என்று அசடு வழிந்தார்.

"உள்ள என்ன மாமா பண்றீங்க?"

"மோந்து பாக்குறேன். கள்ளு வாடை அடிக்குதான்னு."

டாக்டர் சிவசம்புவின் கறுப்பு ஆஸ்டின் அது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அந்தக் கார்தான் போய் ஏற்றிவரும்; ஓட்டியவர் நாகையா. குடியை விட்டால்தான் வேலை என்று வேலையில் சேர்த்தபோது டாக்டர் சொன்ன சொல்லை அவர் மீறியதில்லை. காரின் மேல் ஒரு கீறல் விழவிட்டதும் இல்லை. இப்போது டிரைவர் பக்கத்துக் கதவில், கண்ணாடிக்குக் கீழே, மெல்லிய கீறல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

"செம்பருத்தி வேலியில உரசியிருக்கான். நிதானத்துல இருக்கிறவன் உரசுவானா? நேத்து வந்ததும் வாசல்ல விழுந்து செத்துட்டான்னு உங்கம்மா சொல்றா. அவ எதையோ மறைக்கிறா."

"செத்தவர இப்படிப் பேசாதீங்க மாமா."

"நான் எங்கடி பேசுறேன்? தூக்குறதுக்குள்ள டாக்டர் வருவாரு. அவர் பேசுவாரு பாரு."

சேதி கேட்டுக் கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வந்தவள் தங்கமணி. அப்பாவின் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. ஒரு வார்த்தை பேச முடியவில்லை. குடிகாரன் என்ற பெயரோடு அவரை அனுப்பக் கூடாது.

சின்னக் கீறலுக்கு அப்பா செய்யும் வைத்தியம் அவளுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவ வேண்டும். தேங்காய் எண்ணெயில் சலித்த திருநீற்றைக் குழைத்து, பழைய வேட்டித் துணியால் மெள்ளத் தேய்க்க வேண்டும். 'அழுத்துனா கீறல் போவாது, பெயிண்டுதான் போவும்' என்பார்.

அவள் உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டுத் தட்டிலிருந்து திருநீற்றை அள்ளினாள்.

"அப்பாவுக்குப் பூசவா?" என்றாள் பக்கத்து வீட்டு மாரியாயி.

"அப்பாவுக்குத்தாங்க அக்கா."

கழுவித் துடைத்துத் தேய்த்தாள். மேலாக இருந்தவை மறைந்தன. மாமாகூட, "பரவாயில்லையே!" என்றார். சொல்லிவிட்டுப் பந்தல் பக்கம் போய்விட்டார்.

தேய்க்கத் தேய்க்கத்தான் அவளுக்கு உறைத்தது. வேலி உரசினால் கீறல் நீளவாக்கில் அல்லவா ஓடும்? இவை பிறை பிறையாக, கொத்துக் கொத்தாக, ஒரே இடத்தில் கிடந்தன. கைப்பிடியின் இடுக்கில் உமி அளவுக்கு ஏதோ பச்சையாக மின்னியது. நகத்தால் நெம்பி எடுத்தாள். கண்ணாடி வளையல் துண்டு.

நிமிர்ந்தாள். பின்வாசலில் அம்மா நின்றிருந்தாள். வலது கையில் பச்சை வளையல்கள் பாதிதான் இருந்தன. இராஜம்மா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

தங்கமணி வளையல் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னும் வேகமாகத் தேய்த்தாள். ஆழமாக விழுந்த ஒரு கொத்து மட்டும் போகவே இல்லை.

ரிக்‌ஷாவில் டாக்டர் வந்திறங்கினார். மாலையைப் போட்டார். நாகையாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். பிறகு கொட்டகைக்கு வந்தவரின் விரல், எண்ணெய் மினுக்கிய இடத்துக்கு நேராகப் போனது.

"இதென்ன பிள்ளை?"

"அது வந்துங்க டாக்டர்…" என்று தம்புசாமி பின்னாலேயே வந்து தொண்டையைக் கனைத்தார்.

"மறைக்காதேங்கோ. நாகையா திரும்பவும் குடிக்கத் தொடங்கிட்டானோ?"

அப்பா வாசலில் விழவில்லை; காருக்குள்ளேயே போயிருக்கிறார் என்று தங்கமணிக்குத் தெரிந்துவிட்டது. அம்மா ஏன் மறைத்தாள் என்று இப்போது புரிந்தது. உயிர் போன காரில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சி ஏறுவாள்? அப்பா குழந்தையைப்போலத் துடைத்துத் துடைத்து வைத்த கார், நாளைக்கே யாரும் தொடாத காராகிவிடும். சொன்னால் கார் போகும். சொல்லாவிட்டால் அப்பாவின் பெயர் போகும். இடுப்பில் அந்தத் துண்டு உறுத்திக்கொண்டே இருந்தது.

"இராஜம்மா, இந்நேரத்துல நீ வெளிய வரக் கூடாதுடி!" என்று உள்ளே மாரியாயி பதறினாள்.

பிடித்த கையை உதறிவிட்டு இராஜம்மா வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. முந்தானையை விலக்கி, வலது கையைக் கதவின்மேல் வைத்தாள். மிச்சமிருந்த வளையல்கள் அந்தப் பிறைகளின்மேல் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தன.

"அவரு குடிக்கலீங்க ஐயா. உள்ளயே, இந்தக் கதவுல சாஞ்சிக்கிட்டு இருந்தாரு. தொறந்தா கீழ விழுந்துடுவாரேன்னு… தட்டிக்கிட்டே இருந்தேன்."