ஏடன் செடி

வெள்ளைக்காரன் அரபு தேசத்து ஏடனைக் காலி செய்த வருஷம், அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த ஆதிகேசவனும் ஊர் திரும்பினான். மற்றவர்கள் டிரான்சிஸ்டரும் நைலான் புடவையுமாக வந்து இறங்க, இவன் பிஸ்கட் டப்பாவில் ஒரு செடியைக் கொண்டுவந்தான். பாலைவனத்துச் செடியாம். அடிப்பாகம் குண்டாக உப்பி, மேலே நாலு குச்சி. பார்க்க வந்த எதிர்வீட்டு லோகாம்பாள், "காஞ்சிபுரம் தண்ணி பட்டதும் செடிக்கே யானைக்கால் வந்துடுச்சிம்மா" என்றாள். தெருவே சிரித்தது. சித்திரை வெயிலில் அது ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தபோது, சிரித்தவர்களே கிளை கேட்டு வந்து நின்றார்கள்.

பாலாற்று மணலைச் சலித்து அவனேதான் தொட்டியில் நட்டான். மனைவி கிருஷ்ணவேணிக்குப் பக்குவமும் சொல்லிக் கொடுத்தான். "பனி வந்தா எல எல்லாம் கொட்டிடும். செத்துப்போச்சுன்னு நெனச்சிக்கினு தண்ணி ஊத்திடாத. தூங்கிக்கினு இருக்குதுன்னு வுட்டுடு. ஊத்தினா அழுகிடும்."

அடுத்த பனிக்கு அவன் இல்லை. வயிற்றில் ஆபரேஷன் செய்தார்கள், பிழைக்கவில்லை.

கிருஷ்ணவேணி அழவில்லை. வீம்பு ஒன்றும் கிடையாது, வரவில்லை, அவ்வளவுதான். காரியம் முடிந்த மறுநாளே ராட்டையில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றினாள். பசித்தால் சாப்பிட்டாள், படுத்தால் தூங்கினாள். ஊர் சும்மா இருக்குமா? கல்நெஞ்சுக்காரி என்றது. காதில் விழுந்தபோது வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் அவளுக்கு இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. செடி சாகக் கூடாது. பிள்ளை குட்டி இல்லை. அவன் விட்டுப்போனதில் உயிருள்ளது அது ஒன்றுதான். மார்கழியில் இலை கொட்டி மொட்டையாக நின்றதும், தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் காத்தாள்.

மாமியார் பெரியநாயகிக்கு அது பொறுக்கவில்லை. "எம் புள்ளைக்குத்தான் ஒரு சொட்டு கண்ணீர் வுடல. செடிக்காவது ஒரு சொட்டு தண்ணி வுடக் கூடாதா?"

"ஊத்தினா அழுகிடும் அத்த. அவரே சொன்னாரு."

அதற்குப் பிறகு தொட்டுப் பார்த்தபோதெல்லாம் மணல் ஈரமாக இருந்தது. ஒருநாள் விடியற்காலையில் எழுந்து வந்து பார்த்தாள். பெரியநாயகி சொம்போடு செடியின் முன்னால் குந்தியிருந்தாள். "குடிப்பா" என்று மெல்லச் சொல்லிச் சொல்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணவேணி அவள் கையைப் பிடித்தாள்.

"வுடும்மா" என்றாள் பெரியநாயகி. "ஆஸ்பத்திரியில தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்தான். டாக்டர் கூடாதுன்னாருன்னு நீயும் குடுக்கல, நானும் குடுக்கல. நாக்கு வறண்டே போய்ட்டான். இனிமே என்னால குடுக்காம இருக்க முடியாது."

அவன் கேட்டது அம்மாவிடம் இல்லை. கிருஷ்ணவேணியிடம்தான் கேட்டான். தலைமாட்டில் இருந்த டம்ளரை எடுத்து அவன் கண்ணில் படாமல் மறைத்து வைத்தவளும் அவள்தான்.

குனிந்து செடியின் அடியை விரலால் அழுத்தினாள். லேசாக அமுங்கியது. இப்போதே பிடுங்கி, அழுகியதை வெட்டிக் காயவைத்தால் பிழைத்துக்கொள்ளும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். மாமியார், அடி விழப்போகிறது என்று நிற்கும் குழந்தை மாதிரி அவள் முகத்தையே பார்த்தாள்.

கிருஷ்ணவேணி சொம்பை வாங்கி மிச்சத் தண்ணீரைத் தானே ஊற்றினாள். பெரியநாயகி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். இவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

"போதுமா அத்த?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய் இன்னொரு சொம்பு மொண்டு வந்தாள்.