காளானை எதிர்த்து ஓட்டுப் போட்டவன்

காட்டுத்தீ அணைக்கும் வேலையில் அரை ஆயுசு நெருப்போடு மல்லுக்கட்டிய வெர்லினுக்கு, இப்போது சொந்த வீட்டு விறகடுப்பைப் பற்றவைக்கத் தைரியமில்லை. கூட வேலை பார்த்த கூப் நெருப்பில் சிக்கிச் செத்த நாளிலிருந்து, புகை வாசம் பட்டாலே ஆளுக்கு மூச்சு முட்டும். அமெரிக்காவின் கிழக்கு ஆரிகன் குளிர் என்ன லேசுப்பட்டதா? ஒற்றை ஹீட்டரைக் கட்டிக்கொண்டு இரண்டு குளிர்காலம் நடுங்கிய மனைவி நடீன் கடைசியில் சொல்லிவிட்டாள்.

“இந்தத் தடவையும் அடுப்பு எரியலைன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வருவேன்னு நினைக்காதே.”

மனசில் உறைந்த பயத்தைப் போக்க, ஆள் துணையோடு போதைக் காளான் தின்னும் சிகிச்சைக்கு மாநிலச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஆனால் வேண்டாத கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, ஓட்டுப் போட்டுத் தடுத்துக்கொள்ளலாம். வெர்லினின் கவுண்டி தடுத்தது. முன்னால் நின்று தடுத்தது யார்? சாட்சாத் வெர்லினேதான்! வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவன், இப்போது அதே காளானுக்காக மலை தாண்டி அடுத்த கவுண்டிக்குப் போனான். தின்றவன் வண்டி ஓட்டக்கூடாது என்பதால் நடீன்தான் ஓட்டினாள்.

“இந்த மலையேத்தமெல்லாம் உன் ஓட்டு வாங்கிக் கொடுத்த பரிசு, தெரியுமில்ல?”

“ரோட்டைப் பாத்து ஓட்டு.”

சிகிச்சையின்போது கூடவே இருக்கப்போகிற டெஸ், முந்தின வாரமே அவனிடம் கேட்டிருந்தாள்: “பயம் வந்தா உங்க கையைப் பிடிச்சுக்கலாமா?”

“ஒரு விரல்கூட மேல படக்கூடாது” என்று ஒப்புதல் தாளில் கெத்தாகக் கையெழுத்துப் போட்டிருந்தான் அவன்.

காளான் உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் கெத்தெல்லாம் காற்றில் பறந்தது. மூடிய கண்ணுக்குள் அந்த மலைச்சரிவு திரும்பவும் எரிந்தது. “கையைக் கொடும்மா!” என்று அலறினான்.

டெஸ்ஸுக்கு மனசு துடித்தது. “முன்னாடி ஒத்துக்காததை நடுவுல மாத்த சட்டம் விடாதுங்க. ஆனா நான் எங்கயும் போகல, இங்கேயேதான் இருக்கேன்” என்று அவன் மெத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

பிடித்துக்கொள்ளக் கை கிடைக்காதவன் வாயைத் திறந்தான். இத்தனை நாள் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதது வெளியே வந்தது.

“கூப்! நீ கூப்பிட்டது கேட்டுச்சுடா. பயந்து ஓடலடா, உன்கிட்ட வர வழியே இல்லடா!”

கத்தினான், அழுதான், மறுபடியும் அதையே கத்தினான். தன் காதால் கேட்டபோதுதான் அது நிஜமென்று அவனுக்கே உறைத்தது. ஐயோ, இதைச் சொல்லவா இத்தனை காலம்! சாயங்காலம் வெளியே வந்தவன் நடீனின் தோளில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தான்.

மறுநாள் காலை ஹீட்டரைப் போடப் போனவளை நிறுத்திவிட்டு, அடுப்பில் விறகை அடுக்கினான். முதல் தீக்குச்சி அணைந்தது. அடுத்தது பற்றியது. புகை முகத்தில் அடித்தது. இருமினான், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. விறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது.

“எரியுது நடீன்! நான்தான் பத்தவச்சேன்!” என்று வீடே அதிரக் கூவினான்.

நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தாள்.

“அக்கா, நான் வரலை. இங்க உக்கார முடியல, அப்படி வேர்க்குது!”