கறை மாஸ்டர் வீட்டு ஜன்னல்கள்

கறை மாஸ்டர் முதல் தடவை ரத்த வாந்தி எடுத்த செவ்வாய்க்கிழமை, அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் காணாமல் போனது. உடைந்து விழவில்லை, யாரும் பெயர்த்துக்கொண்டு போகவும் இல்லை. காலையில் ஜன்னல் இருந்தது, மத்தியானம் அந்த இடத்தில் சுவர் இருந்தது, மற்ற சுவர்களைப் போலவே பாதி வெளுத்த பச்சைப் பூச்சோடு. கம்பியில் காயப்போட்டிருந்த கைத்துணி மட்டும் தரையில் கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் ஜன்னல் வைத்ததாகத் தனக்கு ஞாபகமே இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் ஒரு பெரிய ஹோட்டலின் நிலவறையில் இருக்கும் சலவைப் பிரிவில் இருபத்து மூன்று வருடமாகக் கறை எடுப்பவர். மெஷினுக்குப் போவதற்கு முன் விரிப்புகளும் தலையணை உறைகளும் மேஜைத் துணிகளும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். மை, துரு, உதட்டுச்சாயம், ஒயின் எல்லாமே அவருக்கு முகம் தெரிந்த ஆட்கள். பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் பெராக்சைடு ஒரு சொட்டு விடுவார். நுரைத்தால் ரத்தம், நுரைக்காவிட்டால் வேறு ஏதோ. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் பிறகு ஜென்மத்துக்கும் போகாது என்று புதிதாக வருகிறவர்களிடம் நாளைக்கு நாலு தடவை சொல்வார். குனிந்தே நின்றதில் இடுப்பு போய்விட்டது. மருந்துக்கடையில் மஞ்சள் நிற வலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வெறும் வயிற்றில் கட்டன் டீயோடு விழுங்குவார். இப்படி ஆறு வருடம் போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சட்டையில் பட்டது பழுப்பாக, பொடிப்பொடியாக இருந்தது. காப்பித்தூள் என்று மாஸ்டர் முடிவு செய்தார். அவர் காப்பி குடிப்பதை விட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கை சும்மா இருக்காமல் ஒரு சொட்டு பெராக்சைடு விட்டார். அது பொங்கி நுரைத்தது. உடனே குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு, சட்டையைப் புதுசு மாதிரி அலசிக் கொடியில் போட்டார். ஊரில் வேறு எவனாக இருந்தாலும் அந்தக் கறை சட்டையில் நின்று அவனைக் காட்டிக்கொடுத்திருக்கும். இவருக்குக் கைத்தொழிலே எதிரியாகிவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். சலவைப் பிரிவில் ஒருவன் ரத்தம் கக்கினான் என்று தெரிந்தால் காசநோய் என்று கதை கட்டி மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருமி வருகிற ரத்தம் வேறு, குமட்டி வருகிற ரத்தம் வேறு என்று அங்கே யார் நின்று பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? அதோடு மாஸ்டரின் அண்ணன் ஒரு தடவை ரத்த வாந்தி எடுத்து, தானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி நடந்து வரவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் உள்ளே மட்டும்தான் திறக்கும் என்று மாஸ்டர் மனதில் பதிந்துபோனது. பயந்தாங்கொள்ளி என்று அவரைச் சொல்லிவிடலாம், சொல்லவும் சொன்னார்கள். ஆனால் பயம் வந்தவனுக்கு எதிரே இருக்கிற வழி வழியாகத் தெரிவதில்லை.

அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்து, பொத்தான் வைக்கிறவள். சமையலறை ஜன்னல் போனதும் தையல் மெஷினைப் படுக்கையறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். நாலு மாதம் கழித்து மாஸ்டர் இரண்டாவது முறை வாந்தி எடுத்து, தலையணை உறையை அலசிக் காயப்போட்டதும் படுக்கையறை ஜன்னலும் போனது. அவள் மெஷினைப் பின்கட்டுக் கதவுக்கு நகர்த்தினாள். மழைக்காலத்தில் மூன்றாவது முறை வந்தது. மறுநாள் காலை பின்கட்டுக் கதவைத் திறக்கப் போனவள் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். மெஷின் கடைசியில் வாசல் கதவுக்கு வந்து சேர்ந்தது. தெருவில் போகிறவர்கள் அவள் மடியில் என்ன துணி, எத்தனை பொத்தான் என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகும் அளவுக்கு ஆகிவிட்டது. வீட்டுக்குள் பகலிலும் விளக்கு எரிந்தது. சமைத்த புகை போக வழியில்லாமல் மூன்று நாள் தங்கியது. ஈரத்துணி காயவில்லை. மூச்சு முட்டுகிறது என்று அவள் சொன்னால், மாஸ்டர் விசிறி வாங்கி வருகிறேன் என்பார். அவருக்குப் படியேறினால் தலை சுற்றியது, உள்ளங்கை வெளுத்தது, வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போனது. அதையும் நிறையத் தண்ணீர் ஊற்றி, சுவடு தெரியாமல் செய்தார். சில நாள் வேலை முடிந்து தெருமுனைவரை வந்துவிட்டு, அந்த ஒற்றைக் கதவைப் பார்த்தபடி அரை மணி நேரம் அப்படியே நிற்பார். இன்னொரு தடவை வந்தால் என்ன போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு வந்தது. குளியலறையில் ஒரு செம்பு அளவு, நல்ல சிவப்பு. வேர்த்துக் கொட்டி, சுவரைப் பிடித்தபடியே மாஸ்டர் குழாயைத் திறந்து கடைசிச் சொட்டு வரைக்கும் கழுவினார். வெளியே வந்தபோது மனைவி தைத்து முடித்த சீருடைக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கடைக்குப் புறப்பட்ட கோலத்தில் சுவரைப் பார்த்து நின்றாள். வாசல் கதவு போயிருந்தது. தெருச் சத்தம் யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. அவர்கள் மூச்சும் மின்விளக்கின் ரீங்காரமும்தான் கேட்டன. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அடுத்தது பனியனில் வந்து விழுந்தது. பழக்க தோஷத்தில் கை பனியனைக் கழற்றி வாளிக்குப் போனது. அவள் கட்டைக் கீழே போட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கழுவாதீங்க. எத்தனை தடவை இப்படி?"

"எத்தனை போச்சோ அத்தனை தடவை."

அவள் அழுதாள், அவரைத் திட்டினாள், இரண்டையும் செய்துகொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் இருந்த பெண் பதற்றமில்லாமல் கேள்வி கேட்டாள். போனை மாஸ்டரிடம் கொடுத்ததும், தொழில் விஷயம் என்றால் அவருக்கு வரும் அந்த நிதானம் வந்துவிட்டது. இன்றைக்குச் சிவப்பு, புதுசு, மொத்தம் ஒன்றரைச் செம்பு. முன்னே மூன்று தடவையும் பழுப்பு, பொடி. இருமி வரவில்லை, குமட்டித்தான். தார் நிறத்தில் போவது ஒரு மாதமாக. மஞ்சள் மாத்திரை, நாளைக்கு இரண்டு, ஆறு வருடம். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு கறையைப் பற்றி அவர் இவ்வளவு உண்மையாக யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்துப் போனை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"குடிக்க எதுவும் குடுக்காதீங்க அக்கா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கதவைத் திறந்து வைங்க, வண்டி கெளம்பிடுச்சு."

"கதவு இல்லீங்க."

"சரி, எந்தச் சுவரு மெலிசுன்னு பாத்து வைங்க."

அவள் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். மாஸ்டர் சிமெண்ட் தரையில் ஒருக்களித்துப் படுத்து, காற்று தீர்ந்துவருவதையும் தன் கை சில்லிடுவதையும் கவனித்தபடி, அவளையும் சேர்த்து அடைத்துவிட்டேனே என்று மட்டும் நினைத்தார். அவருக்காகக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை. இருபது நிமிடத்தில் படுக்கையறைச் சுவரில் கடப்பாரை இறங்கியது. ஓட்டை வழியாகத் தலையை நீட்டிய டிரைவர், வாரத்துக்கு ரெண்டு வீடு இப்படி வருதுங்க, அதனாலதான் வண்டியிலேயே வச்சிருக்கோம் என்று சொல்லி, இன்னும் நாலு செங்கல்லைத் தள்ளிவிட்டு ஸ்ட்ரெச்சரை உள்ளே விட்டார். மனைவி ரத்தப் பனியனைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டாள். மாஸ்டர் கண் வழியெல்லாம் அந்தப் பையின் மேலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பையை வாங்கிப் பார்த்தாள், தொண்டை வழியாகக் குழாய் விட்டும் பார்த்தாள். மாத்திரை இரைப்பையைத் தின்று புண்ணாக்கி, புண்ணுக்குள் ஒரு ரத்தக்குழாய் திறந்திருந்தது. குழாய் வழியாகவே அதை ஒரு கிளிப் போட்டு இறுக்கினாள். மூன்று பாட்டில் ரத்தம் ஏறியது. இரைப்பையில் தங்கி அமிலத்தில் வெந்த ரத்தம்தான் பழுப்பாக வரும், தங்க நேரமில்லாமல் கொட்டுவது சிவப்பாக வரும், ரெண்டுமே உடனே ஓடி வரவேண்டிய விஷயம் என்றாள். முதல் சட்டையைக் கழுவாமல் கொண்டுவந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் என்றும் சொன்னாள். மாஸ்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத் தானே நடந்து வெளியே வந்தார்.

போன ஜன்னல்கள் திரும்பவில்லை. கொத்தனார் ஓட்டையைச் செதுக்கி நிலை வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து அந்த வீட்டுக்குப் படுக்கையறை வழியாகத்தான் போகவேண்டும், வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து உட்காருவார்கள். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை.

மாஸ்டர் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் கழித்து, நாலாம் மாடியிலிருந்து வந்த மூட்டையில் ஒரு தலையணை உறை இருந்தது. யாரோ குளியலறையில் அலசிப் பார்த்திருந்தார்கள், ஆனால் சுடுதண்ணீரில். ஓரத்தில் பழுப்புப் பொடி நின்றுவிட்டது. மாஸ்டர் ஒரு சொட்டு விட்டார், நுரைத்தது. உறையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சலவைக்காரர்கள் ஏறக்கூடாத விருந்தினர் லிஃப்டில் ஏறினார். நாலாம் மாடி நடைவழியில் நானூற்றுப் பதினொன்று இருந்தது, நானூற்றுப் பதின்மூன்று இருந்தது. நடுவில் வழவழப்பான சுவர், மற்றதைப் போலவே வெளிர்மஞ்சள் பூச்சு. காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தட்டினார்.

"ஒண்ணுமில்லங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றது உள்ளிருந்து ஒரு குரல், மெலிசாக.

"தெரியும் சார். ஒருக்களிச்சுப் படுங்க, எதுவும் குடிக்காதீங்க" என்றார் மாஸ்டர். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். பிறகு தோட்டக்காரரிடம் கடப்பாரை இரவல் வாங்கி வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, சுவரை மேலும் கீழுமாகத் தட்டி மெலிந்த இடம் பார்த்து இடிக்க ஆரம்பித்தார்.