ஏணி பிடித்தவருக்குப் பொன்னாடை

ஜெர்மனியின் எசன் நகரத்தில் விமலநாதனைத் தெரிந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், நல்ல மனுசன், ஆனால் அந்த ஏணிக்காரன் கதையை மட்டும் தொடக்கிவிடாதேயுங்கோ என்று. தொடக்கினால் போச்சு. தேத்தண்ணி ஆறிவிடும், வந்த அலுவல் மறந்துவிடும், மனுசன் எழும்பிப் போய்க் கதவு நிலையையே ஏணியாக்கி நடித்துக் காட்டத் தொடங்கிவிடுவார்.

ஏணிக்காரன் என்றால் லெனாட் ஹக்பி. பெயரைக் கேட்டு மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம், இங்கிலாந்திலேயே பலருக்குத் தெரியாது. பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் வந்தவர். கடலோர ஊரொன்றில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற முதலாளி ஒருவர், ஏணி உச்சியில் நின்று ஊர் உலகத்தையெல்லாம் வாய் ஓயாமல் திட்டுவார். கீழே அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உதவியாள்தான் ஹக்பி. வசனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

விமலநாதன் ஜெர்மனிக்கு வந்த புதிதில், அகதிகளை வைத்திருந்த ஹைம் ஒன்றில் அறைக்கு நாலு பேராக இருந்தார். பக்கத்தில் பிரிட்டிஷ் படைமுகாம். படையினருக்கென்று ஒளிபரப்பிய ஆங்கிலத் தொலைக்காட்சி ஹைமில் கிடந்த பழைய பெட்டியிலும் விழும். படம் மட்டும்தான் விழும், ஜெர்மன் பெட்டிகளுக்கு அந்தச் சத்தம் பிடிபடாது. மேலே நின்று கத்துகிற முதலாளி அவர்களுக்கு வெறுமனே வாயைத் திறந்து மூடுகிற ஒருவர், அவ்வளவுதான். சிரிப்பெல்லாம் கீழே இருந்துதான் வந்தது.

இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஹக்பிக்கு மூக்கு அரிக்கும். கையை எடுத்தால் முதலாளி விழுந்துவிடுவார். ஹக்பி இடப்பக்கம் பார்ப்பார். வலப்பக்கம் பார்ப்பார். பிறகு மெல்ல மூக்கைக் கொண்டுபோய் ஏணிச் சட்டத்தில் தேய்ப்பார். அப்போது அந்த முகத்தில் வருகிற நிம்மதி இருக்கிறதே, ஐயோ! வைத்திருப்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாமல் கிடந்த நாலு பேரும் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அந்தக் காலத்தில் வேறு எதற்கும் சிரித்ததாக விமலநாதனுக்கு நினைவில்லை.

ஆகவே தொடரின் கதாநாயகனே ஹக்பிதான் என்று அவர் பல வருடமாக நம்பியிருந்தார். மகள் மிதுஷா வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அந்தத் தொடரை இணையத்தில் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். கடைசியில் ஓடுகிற பெயர்களில், தலைமுடி சிங்காரித்தவருக்குக் கொஞ்சம் மேலே, கண் சிமிட்டினால் தவறிவிடுகிற இடத்தில் ஹக்பியின் பெயர் வந்து போனது. மனுசனுக்கு வந்ததே கோபம்.

"இதென்ன அநியாயம்! உந்தாள் பிடிக்காட்டில் அந்த வாய்க்காரன் எப்பவோ விழுந்திருப்பான்!"

"அப்பா, சத்தத்தோடை பாருங்கோ. இப்ப வசனமும் கேக்குது" என்றாள் மிதுஷா.

"வேண்டாம், நிப்பாட்டு. சத்தம் போட்டால் எல்லாரும் மேலைதான் பாப்பினம்."

அன்றைக்கு ஒரு முடிவும் எடுத்தார். இந்த மனுசனை உயிரோடு கண்டு, ஒரு பொன்னாடை போர்த்திவிட வேண்டும்.

போன சித்திரையில் அது கைகூடி வந்தது. படைமுகாம் மூடிய பிறகும் இங்கேயே தங்கிவிட்ட பிரிட்டிஷ்காரர், அந்தத் தொடரின் ரசிகர்கள், எசனிலேயே ஒரு மண்டபம் எடுத்து, முதலாளியாக நடித்தவரையும் ஹக்பியையும் அழைத்திருந்தார்கள். ஹக்பியின் கடைசி வெளிநாட்டுப் பயணம் இதுதான் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. சரிகைக் கரை வைத்த பொன்னாடை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு விமலநாதன் அன்று காலை முழுக்கத் தயங்கினார்.

"வெள்ளைக்காரனுக்குப் பொன்னாடை விளங்குமோ தெரியாது, செல்லம்."

"விளங்காட்டில் குளிருக்குப் போத்தட்டும்" என்றாள் மனைவி செல்லம். "உந்தாளுக்கு எண்பதுக்கு மேலை. இண்டைக்கு விட்டால் பிறகு எங்கை காணப் போறியள்? வெளிக்கிடுங்கோப்பா."

மூன்று பேருமாகப் போய்ச் சேர்ந்தபோது, மண்டபத்தில் முதலாளியாக நடித்தவருக்கு முன்னால் வரிசை வாசல் வரை நின்றது. ஹக்பியின் மேசை கடைசி மூலையில், மேலங்கிகள் தொங்கவிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒருவருமில்லை. யாரோ ஒரு அம்மா தன் கைப்பையை அவரிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு வரிசைக்குப் போயிருந்தாள். அவரும் அதை இரண்டு கையாலும் பக்குவமாகப் பிடித்துக்கொண்டு இருந்தார். பார்த்ததும் விமலநாதன் பொன்னாடையை வெளியே எடுத்தார்.

ஆனால் அவர் அந்தப் பக்கம் போக முதல், ஏற்பாட்டாளர் பெண்மணி ஒருத்தி பொன்னாடையைக் கண்டுவிட்டாள். இவ்வளவு மினுக்கம் வேறு யாருக்காக இருக்கும்? கையைப் பிடித்து, வரிசையைத் தாண்டி, நேரே முதலாளிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கமராக்கள் திரும்பின. பெரிய நடிகர் விசயம் தெரிந்தவர், எழும்பி நின்று அழகாகத் தலை குனிந்தார். குனிந்து நிற்கிற ஒருவருக்கு முன்னால் பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டு நிற்க எந்தத் தமிழனுக்கு மனம் வரும்? விமலநாதன் போர்த்திவிட்டார். மண்டபமே கைதட்டியது. மூலையில் இருந்த ஹக்பி, கைப்பையை மடியில் வைத்துவிட்டு எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

விமலநாதன் ஓரமாக வந்து நின்றார். முகம் செத்துப்போய்க் கிடந்தது.

"பரவாயில்லை அப்பா, வாங்கோ, ஆளுக்குக் கையாவது குடுப்பம்" என்றாள் மிதுஷா.

"வெறுங்கையோடையோ? ஏலாது பிள்ளை. இஞ்சையும் அந்தாளை விட்டுப்போட்டு மேலை நிண்டவனுக்குத்தானே குடுத்தனான்."

செல்லம் கணவரின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறென்று முன்னால் போனாள். "அம்மா, வேண்டாம், பைன்லிஹ்!" என்று மானம் போகிற பயத்தில் மிதுஷா ஜெர்மனில் பின்னால் கெஞ்சினாள். யார் கேட்டது?

செல்லத்துக்குத் தெரிந்த ஆங்கிலம் கைவிரலில் அடங்கும். பெரிய நடிகரின் தோளில் கிடந்த பொன்னாடையைத் தொட்டாள்.

"சொறி. நொட் யூ" என்றாள். பிறகு மூலையைக் காட்டினாள். "ஹிம்."

பெரிய நடிகரின் முகம் முதலில் சுருங்கத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு அவள் காட்டிய பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். தானே பொன்னாடையைக் கழற்றி, மடித்து, இரண்டு கையாலும் செல்லத்திடம் கொடுத்தார்.

எல்லாக் கண்களும் தன் பக்கம் திரும்புவதைக் கண்ட ஹக்பி, யாரைக் காட்டுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே மேலங்கிகள் மட்டும்தான் தொங்கின.

விமலநாதன் போய் அவரை எழுப்பிப் பொன்னாடையைப் போர்த்தினார். மிதுஷாவிடம் கேட்டுப் பாடமாக்கி வந்த ஆங்கில வசனம் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. அந்த மெலிந்த கைகள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். மிதுஷாதான் சொன்னாள், ஹைமையும், சத்தம் வராத பெட்டியையும், நாலு பேர் சிரித்த சிரிப்பையும்.

ஹக்பிக்குக் கண் நிறைந்து, மூக்கின் ஓரமாக ஒரு துளி இறங்கியது. துடைக்கக் கை இல்லை. கை இரண்டும் விமலநாதனிடம் இருந்தன.

அவர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு மெல்ல மூக்கைக் கொண்டுவந்து விமலநாதனின் தோளில் தேய்த்தார்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஏணி ஆடிவிடக் கூடாதே என்று விமலநாதன் அசையாமல் நின்றார்.