நெத்திலி காய்ந்த இடம்

வேதமாணிக்கம் பெட்டியின் கண்ணாடி மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தோள் துண்டைப் பிழிந்துவிட்டுத் திரும்புவதற்குள் கூரையிலிருந்து அடுத்த சொட்டு விழுந்தது. மனைவி ஞானபாக்கியத்தின் முகத்துக்கு நேர் மேலே தெறித்து ஓடியது. ஐஸ் பெட்டிக்குள் அவள் வெள்ளைப் புடவையில், மூக்கில் பஞ்சோடு, எதிலும் பட்டுக்கொள்ளாமல் படுத்திருந்தாள். நேற்று மத்தியானம் காசிமேட்டில் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மாரை அடைக்கிறது என்று உட்கார்ந்தவள். ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

"அண்ணாத்த, சொன்னா கேளு," என்றான் வில்சன். பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். "மோட்டாரு தலமாட்டுலதான் கீது. தண்ணி உள்ள பூந்துச்சுன்னா கரண்ட் அடிக்கும். தொட்டவன் காலி."

"நிறுத்திட்டா?"

"நிறுத்திட்டா தூக்கிடணும். நேத்திக்குப் போன உடம்பு..." மீதியைச் சொல்லாமல் பிடரியைச் சொறிந்துகொண்டான்.

"எம் பொண்ணு வரணும்ப்பா."

ஜெனி நெல்லூரில் நர்ஸ். ஏறி வந்த ரயில் நாயுடுப்பேட்டையில் தண்டவாளத்தில் தண்ணீர் என்று நின்றுவிட்டது. இறங்கி, யார் யாரையோ கெஞ்சி, ஒரு பால் வண்டியில் வந்துகொண்டிருந்தாள். காலையில் பேசினாள். "தடா தாண்டிட்டேன் நைனா. நான் வராம அம்மாவ எடுத்துராத. மூஞ்சிய பாக்கணும் நைனா, மூஞ்சிய பாக்கணும்." பிறகு போன் கிடைக்கவே இல்லை.

பாக்கியத்தின் அண்ணன் ஜெபசிங் வாசலில் முழங்காலுக்கு மேல் பேண்ட்டை மடித்துக்கொண்டு நின்றிருந்தார். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். எதையும் நேரத்தோடு முடித்துவிட்டால் நல்லது என்று நினைக்கிற மனிதர். "மாப்ள, கல்லறைல வெட்டின குழி ரொம்பிகினு கீதாம். இப்பவே தெருவுல இவ்ளோ தண்ணி. இன்னும் ஏறிச்சுன்னா வண்டி வராது. புள்ள வரும்போது வரட்டும். வேணும்னா போட்டோ எடுத்து வெச்சிக்கலாம்."

"போட்டோவா?" என்று கேட்டார் வேதமாணிக்கம். அவ்வளவுதான் கேட்டார். ஜெபசிங் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் பாக்கியத்தைப் பார்த்தார்கள். அடுத்து கூரையைப் பார்த்தார்கள். அடுத்து இவரைப் பார்த்தார்கள். பார்க்கமாட்டார்களா பின்னே! மணலியிலும் எண்ணூரிலும் இருக்கிற குடோன்களின் தகரக் கூரைகளை மழைக்கு முன்னால் கழுவி, துருவைத் தேய்த்து, இற்றுப்போன ரப்பர் வாசர்களை மாற்றிக் கொடுப்பதுதான் இவர் பிழைப்பு. ஊர்க் கூரைக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர் வீட்டில் பிணத்தின் மேல் ஒழுகுகிறது. துக்க வீடு என்பதால் யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் ஒழுகுகிறது என்பது அவருக்கும் உள்ளே படுத்திருப்பவளுக்கும் மட்டும் தெரியும்.

நெத்திலி. காசிமேட்டில் மிஞ்சுகிற நெத்திலியை உப்புப் போட்டு, பின்சுவரில் ஏணியைச் சாத்தி, கை எட்டுகிற மட்டும் தகரத்தின் மேல் பரப்பிவிடுவாள். கீழே காயவைத்தால் நாய் விடாது, மணல் ஒட்டும். தகரச் சூட்டில் ஒரே வெயிலில் மொறுமொறு என்று காய்ந்துவிடும். "உப்பு தகரத்தத் தின்னுதுடி, கடல் காத்து தின்றது போதாதா?" என்று இவர் கத்துவார். "மீன காய வெக்காம உன் தகரத்த மட்டும் காய வெச்சினு இருந்தா சோறு எங்கேருந்துய்யா வரும்?" என்று அவள் திருப்பிக் கத்துவாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஓயாத சண்டை அது. ஒவ்வொரு புரட்டாசியிலும் இவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி, அந்த இடத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, காயவிட்டு, சில்வர் பெயிண்ட் இரண்டு கை அடித்து இறங்குவார். இந்த வருஷம் மணலியில் வேலை நீண்டுவிட்டது. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று சொல்லிக்கொண்டிருக்கையில் மழை முந்திக்கொண்டது.

பெட்டியை நகர்த்தலாம் என்றால் ஹால் என்று ஒன்று இருப்பதே பெட்டியின் நீளம்தான். பிளக் இருப்பது தலைமாட்டுச் சுவரில் மட்டும்தான். சமையற்கட்டுக்குள் பெட்டி திரும்பாது. பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் பார்த்தார்கள். தண்ணீர் அதன் மடிப்பில் தேங்கி, சரியாக மோட்டார் பக்கமே வழிந்தது. பக்கத்து வீட்டு முத்தம்மா ஓர் அலுமினிய அன்னக்கூடையைக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்தாள். டங் டங் என்று சத்தம் வந்தது. ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த பாஸ்டர் கண்ணைத் திறந்தார். அன்னக்கூடையை எடுத்துவிட்டார்கள்.

வில்சன் பிளக்கின் மேல் கை வைத்தான். "நிறுத்திர்றேன் அண்ணாத்த. என்னிய தப்பா நெனச்சிக்காத."

"கைய எடு," என்றார் வேதமாணிக்கம். "கொஞ்ச நேரத்துல ஒழுகறத நிறுத்திக் காட்றேன். அப்பறம் சொல்லு."

கட்டிலுக்கு அடியிலிருந்து வேலைப் பையை இழுத்தார். ரப்பர் அடி வைத்த ஷூவை மாட்டிக்கொண்டார். உயரத்தில் ஏறும்போது மாட்டுகிற பெல்ட்டை எடுத்து இடுப்பிலும் தொடையிலும் கொக்கி கொக்கியாக மாட்ட ஆரம்பித்தார். ஒரு கொக்கியும் விடவில்லை.

"இன்னாண்ணா இது!" முத்தம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "அது இப்புடிக் கெடக்குது, நீ பெல்ட்டு மாட்டிகினு கீற. ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்கண்ணா."

"பேசட்டும். கவுறு தரேன், ஒன் மாடித் தூண்ல கட்டச் சொல்லு. ரெண்டு முடிச்சு போடச் சொல்லு. ஒன் வூட்டுத் தார்ப்பாயக் குடு."

ஈரத் தகரத்தில் ஏறக்கூடாது. இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். குடோன் முதலாளி தலைகீழாக நின்றாலும் மழையில் ஏறமாட்டேன் என்று சாதித்தவர் அவர். "வேல போனா போவட்டும், கால் போனா எவன் குடுப்பான்?" என்பார். இன்றைக்கு அவருக்கு அந்தப் பேச்சு ஞாபகத்திலேயே இல்லை. ஜெனி வருகிறவரை அந்த மோட்டார் ஓட வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியதில்லை.

ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மழையில் குழம்பி, தகரத்தின் மேல் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு கிடந்தது. அவள் மீன் பரப்புகிற இடம் பாய் அகலத்துக்குச் சிவந்து, ஊசி ஊசியாகப் பொத்துப் போயிருந்தது. ஈரத்தில் எதைப் பூசினாலும் ஒட்டாது. மூடுவது ஒன்றுதான் வழி. அவர் கையால் சாம்பலை வழித்துத் தள்ளிவிட்டு, ஸ்க்ரூ வரிசை போகிற இடத்தில் மட்டும் முழங்காலை ஊன்றினார். அதற்குக் கீழேதான் இரும்புச் சட்டம் ஓடுகிறது. மற்ற இடம் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று சொல்லமுடியாது.

தார்ப்பாயை விரித்தார். கடல் காற்று அதைப் பிடுங்கி முகத்தில் அறைந்தது. ஒரு முனையை ஸ்க்ரூவில் கட்டினார், மறுமுனை எழுந்து படபடத்தது. செங்கல் வைத்தார். செங்கல் சறுக்கித் தெருவில் விழுந்தது. கீழே யாரோ, "யோவ்!" என்றார்கள்.

அவருக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. எத்தனை தடவை சொன்னேன், எத்தனை தடவை! கேட்டாளா? தகரத்தின் மடிப்பில் காய்ந்து ஒட்டியிருந்த ஒற்றை நெத்திலி மழையில் ஊறி வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. நேற்றிலிருந்து அவர் அழுதது அப்போதுதான்.

பிறகு தார்ப்பாயின் மேல், இரும்புச் சட்டம் ஓடுகிற வாக்கில், குப்புறப் படுத்துக்கொண்டார். கையைக் காலை அகட்டி நான்கு முனைகளையும் அழுத்தினார். காற்று அவர் பாரத்துக்கு அடங்கியது.

கீழே வில்சனின் குரல் கேட்டது. "நின்னுடுச்சு! அண்ணாத்த, நின்னுடுச்சு! வேற இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். மோட்டார நிறுத்தாத."

தகரத்தில் காதை வைத்தால் வீட்டுக்குள் நடப்பதெல்லாம் கேட்டது. மோட்டார் உர்ரென்று ஓடியது. பெண்கள் மறுபடி பாட ஆரம்பித்தார்கள். யாரோ டீ கேட்டார்கள். தூரத்திலிருந்து வந்த ஒருத்தி, "மாணிக்கம் எங்க, காணோம்?" என்று கேட்டாள். "மேல கீறாரு." "மேலயா? இந்த மழையிலயா? ஐயோ, பித்துப் புடிச்சிகிச்சா?" ஜெபசிங்கின் குரல், "விடும்மா, இருக்கட்டும்," என்றது.

கூரை மேல் தனியாக இருப்பது அவருக்குப் புதிதல்ல. எத்தனையோ குடோன்களின் மேல் பகல் முழுக்க ஒரு மனிதமுகம் பார்க்காமல் இருந்திருக்கிறார். சாயந்திரம் இறங்கினால் வீடு இருந்தது, வைவதற்கு ஒருத்தி இருந்தாள். இன்றைக்கு இறங்கினால் என்ன இருக்கிறது? கீழே நாற்பது பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் மட்டும் அவள் பக்கத்தில் இல்லை. நெஞ்சுக்குக் கீழே தார்ப்பாய், தகரம், கண்ணாடி. அதற்கும் கீழே அவள். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் பார்க்கமுடியவில்லையே என்று நினைத்தார். குளிர் எலும்புக்குள் இறங்கியது. விரல்கள் மரத்துப்போயின. அவர் அசையவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. தெருத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. "ம்மா!" என்று ஒரு குரல் கூரையைத் தூக்கியது. வேதமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். ஜெனி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. "மூஞ்சி அப்புடியே கீதே. தூங்கற மாதிரி கீதே. எம்மா, எங்கிட்டப் பேசும்மா." அவர் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டாள். போதும்.

பாஸ்டர் சுருக்கமாக ஜெபம் பண்ணினார். மோட்டார் சத்தம் நின்றது. சவப்பெட்டியை உள்ளே கொண்டுவரச் சொல்லி ஜெபசிங் குரல் கொடுத்தார். மழை விட்டபாடில்லை.

ஏணி அசைந்தது. தகர விளிம்புக்கு மேல் ஜெனியின் தலை தெரிந்தது. அழுது வீங்கிய முகம். முடியெல்லாம் நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"மேல ஏறாத," என்றார் அவர். "ஏணியிலயே நில்லு. கெட்டியாப் புடிச்சிக்க."

"அம்மாவ பாத்துட்டேன் நைனா."

"கேட்டுச்சு."

"எறங்கு நைனா. பொட்டிய ஆஃப் பண்ணிட்டாங்க. இனிமே ஒழுகினா ஒழுகட்டும். நீ வந்து அம்மாவ பாரு."

"அம்மாவ வெளிய எடுத்துட்டாங்களா?"

"இல்ல. அந்த ஐஸ் பொட்டியத் தொறந்து வெச்சிருக்காங்க. மாமா உனக்காகத்தான் நிக்கிறாரு."

"தொறந்தா வெச்சிருக்காங்க?" அவர் தார்ப்பாயின் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அப்ப நான் எப்புடிடி எறங்கறது? தலைல ஈரம் பட்டா அவளுக்கு ஒடனே சளி புடிச்சிக்கும்."

ஜெனி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே மாமா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் இறங்கவில்லை. ஏணியில் இன்னொரு படி ஏறி, மரத்துப்போன அவர் கையின் மேல் தன் கையை வைத்து, தார்ப்பாயின் ஓரத்தை அவளும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.