விரதச் சட்டிக்கை மீன் தண்ணி

எல்லாருக்கும் வணக்கம். எப்பிடி இருக்கிறியள், சுகமோ? முழங்கால் நோ, பிறசர், சளி ஒண்டும் கூடேல்லைத்தானே? இந்தக் குளிருக்கை எங்கட வயசுச் சனத்திட்டைச் சுகம் கேக்கிறதெண்டால் மூட்டு மூட்டாத்தான் கேக்கவேணும். நான் மங்கையற்கரசி, வெக்ஸ்போர்ட்டிலை ஒரு மாடிக் கட்டடத்திலை இருக்கிறன். மூண்டு பேரப்பிள்ளையளுக்கு அம்மம்மா. மகள் பிரதீபா கொம்பியூட்டரிலை தமிழ் எழுத்துப் போட்டுத் தந்திருக்கிறா, ஒற்றை விரலாலை குத்திக் குத்தி எழுதிறன். கதைக்கிற மாதிரித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கிற ஆக்கள் கோப்பையை அங்காலை வைச்சிட்டு வாங்கோ. கதை அவ்வளவு அரியண்டம்.

என்ர மனுசன் இராஜரட்ணத்துக்கு ரண்டு கண்ணும் வெள்ளை படர்ந்து போச்சு. பேப்பர் வாசிக்கேலாது, பஸ் நம்பர் தெரியாது. ஒருநாள் லோண்டறி றூமிலை நான் எண்டு நினைச்சு வேறை ஒரு மனுசியோடை சண்டை பிடிச்சுப்போட்டு வந்தவர். கண் டொக்ரர் பாத்துப்போட்டு, ரத்தத்திலை சீனி பதினாறிலை நிக்குது, பத்துக்குக் கீழை இறங்காமல் நான் கத்தி வைக்கமாட்டன் எண்டிட்டார். நவம்பர் பதினெட்டாம் திகதி ரத்தம் சோதிக்கவேணும். தவறினால் பேர் லிஸ்ற்றிலை கடைசிக்குப் போயிடும். அதுக்கிடையிலை முழுக்க இருண்டாலும் இருண்டிடும் எண்டு இவருக்குப் பயம். வெளியிலை சொல்லமாட்டார், ஆனா பகலிலையே வீட்டுச் சுவரைத் தடவித் தடவி நடந்து பழகத் தொடங்கிட்டார்.

அந்தக் கிழமைதான் குசினிச் சிங்க் அடைச்சது. கட்டடம் பராமரிக்கிற சுப்பரின்ரெண்டன் வந்து கீழை குழாயைக் கழட்டினான். உள்ளுக்கிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு கட்டி வந்துது. மெழுகு மாதிரி, மஞ்சளும் வெள்ளையுமா, கடுகும் கறிவேப்பிலையும் ஒட்டிக்கொண்டு. எல்லாம் நான் ஊத்தின தேங்காய்ப்பாலும் பொரிச்ச எண்ணெயும். தொபுக்கெண்டு பையுக்கை விழுந்துது. அந்த நாத்தத்தை இப்ப நினைச்சாலும் ஓங்காளிக்குது.

முன்வீட்டு வியற்னாம்காறி லான் வாசலிலை நிண்டு பாத்தவ. என்ர வயசுதான், வாயும் கனக்க இல்லை. விரலை முதல் அந்தக் கட்டியிலை காட்டினா, பிறகு கதிரையிலை இருந்த இவரிட நெஞ்சிலை காட்டினா. அவ்வளவுதான், போயிட்டா. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லேலாது. ஆனா அண்டைக்குத் தேங்காய் திருவக் கை வரேல்லை.

அடுத்த நாள் மத்தியானம் லான் ஒரு கோப்பை பாவற்காய்ச் சூப்போடை வந்தா. இவர் குடிச்சு முடிச்சிட்டு இன்னும் இருக்கோ எண்டு கேட்டார். அதோடை பழக்கம் தொடங்கீட்டுது. ஒவ்வொரு நாளும் அவ சமைச்சுத் தருவா, பதிலுக்கு நான் அவவிட பேத்தியைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வருவன். பிள்ளையள், அவையளிட சமையலைப் பாத்தால் எங்களுக்கு வெக்கம் வரவேணும். எண்ணெய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. தெளிஞ்ச சூப், அவிச்ச மரக்கறி, பச்சையா ஒரு குவியல் இலைகுழை, ஒரு பிடி சோறு. அவவிட சட்டி பச்சைத்தண்ணியிலை கழுவுப்படும், என்ர சட்டிக்கு மூண்டுதரம் சுடுதண்ணி வேணும். அவவிட தாய்க்கு எண்பத்தி நாலு வயசு. எலவேற்றர் பழுதான நாள் ஆறு மாடி ஏறி வந்தா மனுசி.

ஆனா அந்த இலையளுக்கை ஒண்டிருக்கு, வெத்திலைக் குஞ்சு மாதிரி வடிவானது. கடிச்சால் பச்சை மீன். இலைக்கை மீன் வெடுக்கை எந்தக் கடவுள் வைச்சுதோ, நான் துப்பிப்போட்டன். இவர் ஆட்டுக்குட்டி மாதிரிச் சாப்பிட்டார். நாலு கிழமையிலை விரல் குத்திப் பாக்கிற மெசின் பதினொண்டு காட்டிச்சுது.

பிறகு முருகனுக்குப் பிடிக்கிற ஆறு நாள் கந்தசட்டி விரதம் வந்துது. நாங்கள் ஒரு வருசமும் விட்டதில்லை. சீனிக்குக் குளிசை மருந்து போடுறபடியால் இவருக்கு ஒருநேர மரக்கறிச் சாப்பாடு, எனக்குப் பாலும் பழமும். மீன், இறைச்சியெண்டு மச்சம் ஒண்டும் படாத விரதச் சட்டி ஒண்டு தனிய வைச்சிருக்கிறன், உங்களிட்டையும் இருக்கும். அதை லானிட்டைக் குடுத்து, மீனும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாம், இலையும் காயும் மட்டும் எண்டு கையாலை வாயாலை விளங்கப்படுத்தினன். ஓம் எண்டு தலையாட்டினா. மத்தியானம் சூப்போடை சட்டி வரும், பின்னேரம் அதை மினுக்கி அதிலைதான் முருகனுக்குப் பால் காய்ச்சிப் படைப்பன். சட்டியிலை லேசா வெடுக்கு வரும், அது அந்த மீன் வெடுக்கு இலையெண்டு நினைச்சிட்டன்.

நாலாம் நாள் சட்டி எடுக்கக் கொஞ்சம் வெள்ளனப் போனன். லான் அடுப்படியிலை நிண்டு, கொதிக்கிற என்ர விரதச் சட்டிக்கை தேத்தண்ணி நிறத்திலை ஏதோ ஊத்துறா. போத்திலிலை மீன் படம். மழையிலை நனைஞ்ச கருவாட்டுச் சாக்கை அவிழ்த்த மாதிரி ஒரு வெடில் முகத்திலை அடிச்சுது. மீனை உப்பிலை மாசக்கணக்கா ஊறவிட்டு வடிச்ச தண்ணியாம். மீன் வேண்டாமெண்டெல்லே சொன்னனான் எண்டு நான் கத்த, அவ அகப்பையாலை அடி வரைக்கும் கிண்டிக் காட்டினா.

"எங்கை மீன்? இது உப்பு," எண்டா தன்ர இங்கிலீசிலை.

அவவுக்கு உண்மையிலேயே விளங்கேல்லை. நான் ஊத்தை எண்டதை இங்கிலீசிலை "டேட்டி, டேட்டி" எண்டு சொல்லிப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினன். மூண்டு நாளா முருகனுக்கு மீன் சட்டியிலை பால் வைச்சிருக்கிறன்!

இவரிட்டைச் சொன்னன். மனுசன் அசையேல்லை.

"எனக்கு முதல் நாளே தெரியும். கண்தானே போனது, மூக்கு இருக்கு."

"தெரிஞ்சுகொண்டே குடிச்சனீங்களோ?"

"இஞ்சாரும் மங்கை, முருகனைப் பாக்கிறதுக்கும் கண் வேணும்."

அந்த வாயை என்ன செய்யலாமெண்டு சொல்லுங்கோ. அடுத்த நாள் நானே உப்புப் போட்டுப் பாவற்காய் அவிச்சன். ரண்டு கரண்டி வாயிலை வைச்சிட்டுத் தள்ளி வைச்சார். பின்னேரம் மெசின் பதின்மூண்டு. பசி தாங்காமல், படைக்க வைச்ச கதலி வாழைப்பழம் நாலும் சீனி போட்ட பாலும் முடிச்சிருக்கிறார். சோதனைக்கு மூண்டே நாள்.

ஆறாம் நாள் காலமை சுவாமி படத்துக்கு முன்னாலை இருந்து யோசிச்சன். மீன் குடிச்சதைவிட, மீனைக் குடிச்சுக்கொண்டு விரதம் எண்டு சொல்லுறதுதான் எனக்குப் பெரிய அரியண்டமாக் கிடந்துது. எழும்பி வந்து சொன்னன். "நீங்கள் விரதம் விட்டாச்சு. ரண்டு பேருக்கும் சேத்து நான் பிடிக்கிறன். மீனெண்டு சொல்லிக் குடியுங்கோ." அவர் கையைத் தடவித் தேடி என்ர கையைப் பிடிச்சார்.

பிறகு லானிட கதவிலை தட்டினன். சங்கிலி போட்டபடி திறந்தா. இங்கிலீசிலை சொறி எண்டன், நெஞ்சிலை கை வைச்சு. கனநேரம் பாத்துப்போட்டுச் சங்கிலியைக் கழட்டினா. தன்ர சட்டியை அடுப்பிலை வைச்சு, போத்திலை என்ர கையிலை தந்திட்டா. நீயே ஊத்து எண்டமாதிரி. விரதகாறி நான், மற்றப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊத்தினன். ரண்டு சொட்டு விரலிலை பட்டிட்டுது. மூண்டுதரம் சவுக்காரம் போட்டும் மணம் போகேல்லை. அந்தக் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு இடக்கையாலை முருகனுக்குக் கற்பூரம் காட்டினன்.

பதினெட்டாம் திகதி ரத்தம் குடுத்தம். ஒம்பது தசம் நாலு. டொக்ரர் தைப்பொங்கலுக்கு முதல் கிழமை ஒப்பரேசனுக்கு நாள் குறிச்சுத் தந்திட்டார். இவர் நாள் எழுதின கடதாசித் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கிறார், ஒரு எழுத்தும் தெரியாது.

சூப் இப்பவும் ஒவ்வொரு நாளும் நடக்குது. நான் மூக்கைச் சீலைத்தலைப்பாலை பொத்திக்கொண்டுதான் ஊத்திக் குடுக்கிறன். நல்லதெண்டு தெரியும், எண்டாலும் சீ எண்டுதான் இருக்கு.

உங்களிலை ஆராவது விரதத்திலை தெரியாமல் மச்சம் பட்டுச் சாப்பிட்டிருந்தால், இல்லாட்டி வீட்டுக்காரருக்காகத் தெரிஞ்சே குடுத்திருந்தால், பிறகு என்ன செய்தனீங்கள் எண்டு வெக்கப்படாமல் எழுதுங்கோ. விரலிலை பட்ட அந்த மணம் போக என்ன போட்டனீங்கள் எண்டதையும் கட்டாயம் எழுதுங்கோ.