கத்தரி படாத முடி

தயிர்ச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி தவிந்தர் கதவைத் தோளால் தள்ளினாள். உள்ளேயிருந்து வந்த குர்தேவ் பெரியம்மா சட்டியை வாங்கிக்கொண்டு வாசலை அடைத்தாற்போல நின்றுவிட்டாள்.

“நீ வெளிய இரும்மா. குளிப்பாட்டறத நாங்க பாத்துக்கறோம்.”

“என் அம்மா, பெரியம்மா.”

“எனக்கு அவ தங்கச்சி. அமிர்தம் வாங்கி தீட்சை எடுத்தவ. பொறந்ததுலேர்ந்து அவ முடியில கத்தரி பட்டதில்ல. உன்னோடது பொழுதன்னைக்கும் கத்தரி புடிக்கிற கை. கோவிச்சுக்காத.”

கதவு சாத்திக்கொண்டது. உடலைக் குளிப்பாட்டுவதற்கென்று சவ அடக்க நிலையத்தார் ஒதுக்கிக் கொடுத்திருந்த அறை அது. பெரியம்மாவோடு சீக்கியக் கோயிலான குருத்துவாராவிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். வாஹேகுரு, வாஹேகுரு என்று அவர்கள் மெல்ல இறைவன் பேரைச் சொல்வது வெளியே கேட்டது. தவிந்தர் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

கிரேவ்செண்ட் என்ற அந்த ஆங்கிலேய ஊரின் கடைத்தெருவில் அவளுடைய சலூனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் வெட்டிக்கொள்கிறார்கள். அதில் பெரியம்மாவின் மருமகளும் உண்டு என்பது பெரியம்மாவுக்கு மட்டும் தெரியாது.

அம்மா நசீப் கவுர் ஒரு நாளும் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை. மத்தியானம் பராத்தா டப்பாவோடு பஸ்ஸில் வருவாள். வெளியே நின்று கண்ணாடியைத் தட்டுவாள். கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். மழை கொட்டினாலும் உள்ளே வர மாட்டாள். தரையில் கிடக்கும் முடியை மிதிக்க மனமில்லையா, மகளின் பிழைப்பைப் பார்க்கச் சகிக்கவில்லையா என்று தவிந்தர் கேட்டதே இல்லை. பதில் என்னவாக இருக்குமோ என்று பயம். பதினெட்டு வயதில் அவள் தன் பின்னலை வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போல ரொட்டி சுட்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அந்த வாய் மூடிவிட்டது. இந்த ஜென்மத்தில் இனிப் பதில் கிடைக்காது.

உள்ளே ஓதுவது சட்டென்று நின்றது. கதவைத் திறந்துகொண்டு லூயிஸ் வந்தாள். அங்கே வேலை பார்க்கும் பெண், சாதுவான முகம்.

“உங்க பெரியம்மா ரொம்ப கஷ்டப்படறாங்க. பின்னந்தலையில முடி கட்டிகட்டியா ஒட்டிக்கிடக்கு, சீப்பு எறங்கல. அந்த எடத்த மட்டும் வெட்டிடலாமே, கத்தரி கொண்டாரட்டான்னு கேட்டேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. தப்பா ஏதும் சொல்லிட்டேனா?”

அந்த வாரத்தில் முதல்முறையாகத் தவிந்தருக்குச் சிரிப்பு வந்தது. தப்பில்லை, நல்ல மனசோடுதானே கேட்டீர்கள் என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, யாரையும் கேட்காமல் உள்ளே போனாள்.

அம்மா வெள்ளைத் துணிக்கடியில் படுத்திருந்தாள். பல வாரம் ஆஸ்பத்திரித் தலையணையில் தேய்ந்த முடி, பழைய கம்பளித் துண்டுபோல இறுகிப்போயிருந்தது. முக்காடு ஒரு நேரமும் நழுவாததால் போய்வந்த மகளுக்கு அது தெரியாமலே போய்விட்டது. பெரியம்மாவின் கையில், தீட்சை எடுத்த நாள்முதல் அம்மா கொண்டைக்குள் வைத்திருந்த சின்ன மரச்சீப்பு. மற்ற கையில் வேரோடு வந்த ஒரு கொத்து. யாரும் அழக் கூடாது என்று காலையிலிருந்து எல்லாரையும் அதட்டியவள் இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“இழுத்தா புடுங்கிக்கிட்டு வருதுடி. இவள எப்பிடி அனுப்புவேன்?”

“இழுக்கக் கூடாது பெரியம்மா. தயிர இங்க குடுங்க.”

பெரியம்மா ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சட்டியை நகர்த்தி வைத்தாள்.

தவிந்தர் தயிரைச் சிக்குக்குள் அழுத்தி ஊறவிட்டாள். சீப்பைத் தொடவில்லை. நுனியிலிருந்து ஆரம்பித்து, விரலால் ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டு மேலே போனாள். அம்மாவுக்கு இனி வலிக்காது என்று தெரியும். ஆனாலும் இடது கை தானாகவே வேர்ப்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டது. முடி வெட்டக் கற்றுக்கொண்ட கல்லூரியில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை முழங்காலுக்கிடையில் உட்காரவைத்துத் தலைவாரும்போது அம்மா பிடித்த பிடி அது. தன் பிழைப்பே அந்தக் கை போட்ட பிச்சை என்று தவிந்தருக்குத் தோன்றியது. நேரமாகிறது என்று சவ வண்டி ஓட்டுபவர் கதவைத் தட்டினார். பிணத்துக்கு என்ன ரயிலா தவறிப்போகும் என்று பெரியம்மா அவரை விரட்டிவிட்டாள்.

கடைசிச் சிக்கும் விட்டது. தண்ணீர் ஊற்றி அலசியபோது நரைத்த கூந்தல் மேஜை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. அதன் நுனி மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் முடிந்தது. ஒரு முறைகூட வெட்டாத முடிக்குத்தான் அப்படி இருக்கும். ஆயிரம் தலை பார்த்தவள் அப்படி ஒரு நுனியைக் கையில் ஏந்தியதில்லை.

“ஆஸ்பத்திரியிலயும் ஒரு நர்ஸு வெட்டிடலாம்னா,” என்றாள் பெரியம்மா, சுவரைப் பார்த்தபடி. “உங்கம்மா முக்காட இழுத்துப் புடிச்சிக்கிட்டா. ‘என் மக பிரிச்சு விடுவா. அவ கை பட்டா ஒரு முடி அறாது. கடைக்கு வெளிய நின்னு எத்தன நாள் பாத்திருக்கேன்’னா.”

தவிந்தரின் விரல்கள் நின்றன.

“என்கிட்ட சொல்லவே இல்லியே நீங்க.”

“சொன்னா அவ தலையில நீ கை வெச்சிருவியேன்னுதான் சொல்லல.”

கோபம் வர வேண்டிய இடம்தான். தவிந்தருக்கு வந்தது வேறு. சொல்லாமலே விட்டிருக்கலாம், சொன்னாளே என்று பெரியம்மாமேல் நன்றி பொங்கியது. கண்ணாடிக்கு வெளியே மழையில் நின்றவளை நினைத்தபோது கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. கை மட்டும் கூந்தலை முறுக்கிக் கொண்டையாகச் சுற்றியது. பெரியம்மா மரச்சீப்பை எடுத்து அவளிடம் கொடுத்தாள். தவிந்தர் அதைக் கொண்டைக்குள் செருகினாள்.

தரையைக் கூட்டிவிடலாம் என்று லூயிஸ் துடைப்பத்தோடு வந்தாள். தவிந்தர் வேண்டாம் என்று கையசைத்தாள். நாள்தோறும் மூட்டை மூட்டையாக முடி கூட்டிக் கொட்டுகிறவள் மண்டியிட்டு உட்கார்ந்து, உதிர்ந்ததை ஒவ்வொன்றாக எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். அம்மாவோடு போக வேண்டியவை.

பெரியம்மாவும் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் தேடினாள்.

“அந்த மேஜைக் காலுக்கடியில ஒண்ணு கெடக்கு பாரும்மா.”

தவிந்தர் கையை நீட்டி அதை எடுத்தாள்.